பெரியவனுக்கு இரண்டாம் ஓட்டுநர்

பிப்ரவரி 3

குலசை ஏவுதளத்தில் ராக்கெட் ஏற்றிவிட்ட டாக்டர், "தினமும் ஏதாவது எழுதுங்க, இருட்டுல தலை குழம்பாது" என்றார். எழுதுகிறேன். எனக்குத் தலை குழம்பும் வழக்கம் கிடையாது.

இடம்: நிலாவின் தென்முனை, புதுத்தேரி. வெயிலே படாத ஒரு பெரும் பள்ளம். அதன் விளிம்பில் மூன்று தெரு, நானூறு பேர். பெரும்பாலும் உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள். பள்ளத்தின் அடியில் பனிக்கட்டி இருக்கிறது. அதை உருக்கினால் குடிநீர், பிரித்தால் மூச்சுக்காற்று. தோண்டுவதற்கு இருப்பது ஒரே ஒரு இயந்திரம். பத்து மாடி உயரம், ஆறு கால், நான்கு கை. அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் பெரியவன்.

அதை ஓட்டுகிறவன் சொள்ளமுத்து. பதினோரு வருடம் முன்பு கம்பெனி திவாலாகிக் கைவிட்டபோது இவன்தான் இயந்திரத்தை நிற்கவிடாமல் ஓட்டி எல்லாரையும் பிழைக்க வைத்தானாம். நல்ல காரியம். அன்றிலிருந்து ஊர் இவன் கையில். பிடரியில் துளை போட்டு நரம்போடு நரம்பாகப் பெரியவனை இணைத்திருக்கிறார்களாம். வேறு ஆள் ஏறினால் இயந்திரமும் சாகும், இவனும் சாவானாம். நான் படித்த படிப்பில் அப்படி ஒரு இணைப்பே இல்லை. என்னைப் பராமரிப்பு வேலைக்கு எடுத்ததும் இவன்தான். நியமன உத்தரவில் பெயர் இருந்தது.

இறங்கியதும் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், "சொள்ளமுத்து எங்க இருப்பாரு?" என்று கேட்டேன். மனிதர் கையிலிருந்த பெட்டியை விட்டுவிட்டார். நிலாவில் பெட்டி மெதுவாகத்தான் விழும், பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

"தம்பி, தலைவர்னு சொல்லுங்க" என்றார்.

"பேரு அதானே?"

"பேரு அதான். அதுக்காவச் சொல்லிருவியளா?"

பெட்டி தரையைத் தொட்டது. அவர் பெயர் ஞானதுரை. மூணாந்தெருவின் செயலாளராம். பயந்த ஆள்.

பிப்ரவரி 6

காலையில் குட்டியில் வேலை. குட்டி என்பது கல், மண் அள்ளும் சின்ன இயந்திரம்; பெரியவனைத் தயாரித்த அதே ஆட்கள் தயாரித்தது. தொப்பியை மாட்டியதும் அதன் கால்கள் நம் கால்களாகிவிடும். சுகமாக இருக்கும், அதுதான் ஆபத்து. உள்ளே ஊறிப்போனவனுக்குப் பசி தெரியாது, நேரம் தெரியாது, இறங்கவே தோன்றாது.

அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பதிவு செய்த மாற்று ஓட்டுநர் வெளியே நின்று, உள்ளே இருப்பவனைப் பெயர் சொல்லி மூன்று முறை ரேடியோவில் 'இறங்கு' என்று கூப்பிட வேண்டும். இயந்திரம் குரலையும் பெயரையும் சரிபார்த்து, முதல் முறையிலேயே தானாக நின்று, மூன்றாவதில் கதவைத் திறந்துவிடும். அத்துடன் வண்டி கூப்பிட்டவர் கைக்கு மாறும். நாமாக இறங்கினால் மாறாது, நம் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும். மனிதன் எதை மறந்தாலும் தன் பெயரைக் கேட்டால் திரும்பிப் பார்ப்பான் என்பது கணக்கு. சரியான கணக்குதான்.

என் மாற்று ஓட்டுநர் பிரம்மசக்தி. மூணாந்தெரு. என்னைவிட ஒரு வயது மூத்தவள். வேலை செய்யும்போது பாடுகிறாள், சுருதி சேரவில்லை.

"சேர்மராஜ், இறங்கு. சேர்மராஜ், இறங்கு. ஏ சேர்மராஜ், எறங்கித் தொலையும், டீ ஆறிப்போவுது!"

மூன்றாவதை இயந்திரம் ஏற்கவில்லை. "சொல் பொருந்தவில்லை" என்றது. அவள் முதலிலிருந்து மூன்று முறையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"நடைமுறைய மதிக்கணும்" என்றேன்.

"ஆம்பளப் பேர மூணு தடவ ஊருக்கே கேக்கக் கூப்பிடுதேன். எங்கம்மா கேட்டா மயங்கி விழுந்துருவா. இதுல நடைமுறை வேறயா ஒமக்கு?"

டீ ஆறித்தான் போயிருந்தது.

பிப்ரவரி 11

சொள்ளமுத்து என் அறைக்கே வந்துவிட்டான். கூப்பிட்டனுப்புவான் என்று நினைத்திருந்தேன். ஐம்பது வயசிருக்கும். ஒல்லி. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு, அதை எடுப்பதே இல்லையாம். சத்தமாகப் பேசுவதில்லை. அவன் பேசுவது கேட்க வேண்டும் என்றால் நாம் வாயை மூட வேண்டும்.

கையில் ஒரு பிளாஸ்க். கருப்பட்டிக் காப்பி. ஊருக்கே வருடத்துக்கு ஒரு பெட்டிக் கருப்பட்டிதான் வருகிறது.

"அம்மாவுக்கு முட்டி வலி இப்ப எப்படித் தம்பி இருக்கு?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"பாதிச் சம்பளத்த ஆஸ்பத்திரிக்கு நேரா அனுப்பணும்னு எழுதிருந்தியே. நானூறு பேரு எழுதுனதயும் படிப்பேன். எனக்கு வேற என்ன வேல?" காப்பியை ஊற்றினார். "பெரியவனோட ரெண்டாவது கை இழுக்கு. இவனுவ எல்லாம் சரியாத்தான் இருக்குங்கானுவ. நீ என்ன சொல்லுத?"

வெளியே நின்று பார்த்தவரை சொன்னேன். பராமரிப்பு படுமோசம், செய்தவனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்றேன்.

"செஞ்சது நாந்தான்."

நான் வாயை மூடவில்லை. அப்படியானால் நீங்கள்தான் அதைத் தொடக் கூடாது என்றேன். வெகுநேரம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது வேணும் எனக்கு. இங்க நானூறு பேரு ஆமா போடுதான். ஒருத்தனாவது இல்லன்னு சொல்லணும்லா."

போகும்போது, வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேச எனக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மற்றவர்களுக்கு மாதம் ஒருமுறைதான். நான் கேட்கவில்லை.

ஆள் மோசமில்லை. தொழில் தெரிந்தவர்.

பிப்ரவரி 14

குட்டியின் இடது முன்காலில் பேரிங் மாற்றினேன்.

பிப்ரவரி 19

பொதுக்கூட்டம். ஊர் முழுக்கக் கூடத்தில். தலைவர் மட்டும் வெளியே, பெரியவனுக்குள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இயந்திரம் மலை மாதிரி நின்றது. அவர் குரல் கூரையிலிருந்து வந்தது.

மூணாந்தெருக்காரர்கள் ஒரு கோரிக்கை வைத்திருந்தார்கள். பெரியவனுக்கு இன்னொரு ஓட்டுநரைப் பழக்குங்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் ஊர் என்ன ஆகும் என்று. தொழில்நுட்பப்படி நியாயமான கேள்வி.

அவர் முதலில் கோரிக்கையை வரி வரியாக வாசித்தார். பிறகு, "நான் செத்தா என்ன பண்ணுவோம்னு கேக்குதாங்க. நியாயந்தான. சொந்தப் பிள்ளைக கேக்கத்தான செய்யும்" என்றார். குரல் உடைந்தது. உடைந்த அதே நேரத்தில் பெரியவனின் நான்கு கைகளும் மெல்ல உயர்ந்து, கண்ணாடிக்கு முன்னால் வந்து, ஜோடி ஜோடியாகக் குவிந்தன.

பத்து மாடி இரும்பு, ஊரைப் பார்த்துக் கும்பிட்டது. கூடம் முழுக்க ஓவென்று அழுகை. எனக்கு முன்னால் நின்ற ஞானதுரை தேம்பித் தேம்பி மன்னிப்புக் கேட்டார். கோரிக்கையில் முதல் கையெழுத்து அவருடையது.

அந்தக் கைகளைச் சேர்ப்பது சாதாரணமில்லை. விரல் நுனிகள் உரசக் கூடாது. இரண்டாவது கையை நான்தான் சரிசெய்திருந்தேன். துளி இழுப்பு இல்லை.

சாயங்காலம் குழாய்ப் பழுது என்று சொல்லி மூணாந்தெருவுக்குத் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் குழாய் பழையதுதான், அழுத்தம் குறையலாம்.

பிரம்மசக்தி ஷிப்ட் மாறும்போது பெயரைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டும் இல்லை. என் பங்குத் தண்ணீரில் ஒரு பாட்டிலை அவள் இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். குட்டிக்கு இடது பக்கம் எடை போதவில்லை, அதனால்தான்.

பிப்ரவரி 24

பெரியவனுக்குள் முதல்முறை ஏறினேன். இரண்டாவது கையைத் தொடர்ந்து மற்றவற்றையும் சரிபார்க்கச் சொல்லியிருந்தார் தலைவர். அவர் இருக்கையில் இருந்தார். வியர்வை துடைக்கத் துண்டை எடுத்தார்.

பிடரியில் ஒன்றும் இல்லை. துளை இல்லை, தழும்பு இல்லை. மயிர் கொஞ்சம் நரைத்திருந்தது, அவ்வளவுதான். தலையில் இருந்தது குட்டியில் இருக்கும் அதே தொப்பி.

நான் பார்த்ததை அவர் பார்த்தார். துண்டை அவசரமாகப் போர்த்தவில்லை.

"நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும். அதான் ஒன்ன ஏத்துனேன்."

"அப்ப ஊர்ல சொல்லுதது?"

"அந்த வருஷம் கம்பெனி போனப்ப இந்த நூறு அடி ஒசரக் கூண்டுக்காவ அடிச்சிக்கிட்டுச் செத்திருப்பானுவ. ஏறுனா செத்துருவன்னு சொன்னேன். ஒருத்தனும் ஏறல. அத்தன பேரும் இன்னைக்கி உயிரோட இருக்கான். பொய்தான். ஒரு பொய்யில நானூறு உசிரு. நீயே கணக்குப் போடு."

கணக்குப் போட்டேன். சரியாகத்தான் வருகிறது.

இதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை. இது உள் தொழில்நுட்ப விவரம்.

மார்ச் 1

என்னைப் பெரியவனுக்கு இரண்டாம் ஓட்டுநராகப் பதிவு செய்தார் தலைவர்! படித்து முடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் அழுதாள்.

காரணம் எளிது. வேலைத்தளத்தின் எல்லையைத் தாண்டிப் பெரியவன் போக வேண்டுமென்றால் இரண்டு ஓட்டுநர்கள் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் எடுத்து வைக்காது. எங்கே போகப்போகிறது என்று கேட்டேன். "சொல்லுதேன், அவசரக்காரா" என்று முதுகில் தட்டினார்.

என் குரலைப் பதிந்து முடித்ததும் ஒரு மாதிரி புன்னகையோடு கேட்டார்.

"என் பேரு தெரியுமா தம்பி ஒனக்கு?"

"தெரியும் தலைவர்."

"எங்க, சொல்லு பாப்போம்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். தெரிந்த பெயரை எதற்குச் சொல்லிக் காட்ட வேண்டும்? தேவை இல்லை, சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 4

இன்று அறிவித்துவிட்டார். எட்டாம் தேதி பெரியவன் மேற்கு முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்குப் போகிறது. அங்கே பனி தடிமன். புது ஊர். முதல் தெருவும் இரண்டாம் தெருவும் கூடவே வருகின்றன. மூணாந்தெரு வரவில்லை.

"தனி ஆளு வேணும்னு கேட்டவங்களாச்சே. தனியா இருந்து பாக்கட்டும். மனசு மாறினா மன்னிக்க எனக்கா தெரியாது?"

கூடத்தில் கைதட்டல். நானும் தட்டினேன், எல்லாரும் தட்டியதால்.

மூணாந்தெருத் தொட்டியில் இருப்பது, சிக்கனமாகக் குடித்தால், இரண்டு வாரத்துக்கு வரும். காற்று அதற்கும் முன்னால் தீரும். நூற்று முப்பது பேர். அவர்கள் முழங்காலில் நடந்து முகடு ஏறி வருவார்கள் என்பது அவர் திட்டம். முகடு ஏற விண்வெளி உடுப்பு முப்பது பேருக்குத்தான் இருக்கிறது. நான் சொன்னேன். "அப்ப முப்பது பேரு வரட்டும்" என்றார். அதே மெல்லிய குரலில்.

பிரம்மசக்தி வாசலில் நின்றாள்.

"நீரு எந்தப் பக்கம்?"

"நான் பராமரிப்பு."

அவள் என் காலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள். நான் வைத்த பாட்டில். திறக்கவே இல்லை.

மார்ச் 5

குட்டியில் நேரம் போனது தெரியவில்லை. கால்களை ஓட்டிக்கொண்டே இருந்தால் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எங்கிருந்தோ, கிணற்றுக்கு மேலேயிருந்து கேட்பது போல, "சேர்மராஜ், இறங்கு" என்று கேட்டது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் அது நான் என்று தெரிந்தது. மூன்றாவதில் கதவு திறந்தது.

திறந்த கதவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிடரியில் துளை இல்லை. தொப்பி அதே தொப்பி. தயாரித்தவர்கள் அதே ஆட்கள். அப்படியானால் பெரியவனுக்கும் காது இருக்கும். பதினோரு வருடமாக யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று கேட்டுக்கொண்டேதான் நின்றிருக்கும். பெரியவனின் பழைய மாற்று ஓட்டுநர் கம்பெனி திவாலான வருடமே செத்துப்போனார். இப்போது அந்தக் குரல் என் குரல்.

பராமரிப்பு என்று சொல்லி மதியம் பெரியவனில் ஏறிப் பார்த்தேன். தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார், பெரும்பாலும் உள்ளேயேதான் தூங்குகிறார். அதே ஏற்பாடு. ஒரு திருகுகூட மாறவில்லை.

பிரம்மசக்தியிடம் சொன்னேன். பிடரி விஷயத்தையும் சேர்த்து. எப்போது தெரியும் என்று கேட்டாள். நல்லவேளையாகப் பதில் சொல்லுமுன் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"இவ்வளவுதானா? பேரச் சொன்னாப் போதுமா? ஏ, எங்க தெருவுல பெரியாளுக எல்லாருக்கும் அந்தப் பேரு தெரியும். வாய்தான் வராது. பிள்ளையளுக்குச் சொல்லியும் குடுக்கல. தலைவர்தான் அவரு பேருன்னு நெனச்சிக்கிட்டிருக்கு எல்லாம்."

"ஒனக்கு?"

"எனக்குந்தான்." சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா நீரு வெளியாளு. வந்த அன்னைக்கே சொன்னீராமே. ஞானதுரை மாமா பெட்டியக் கீழ போட்டுட்டாராமே. எங்க, இப்பச் சொல்லும்."

எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. இந்த ஊர்க் காற்றில் ஈரம் போதாது.

"நேரம் வரும்போது சொல்லுதேன்" என்றேன்.

மார்ச் 6

தலைவர் உள்ளே இருந்தார். ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். அலைவரிசையில் இரைச்சல். முடியவில்லை.

மார்ச் 7

இன்றும் இரைச்சல்.

மார்ச் 8

முழுதாக எழுத வேண்டும். சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பெரியவன் கிளம்பியது. நான் இரண்டாம் ஓட்டுநர் என்பதால் உடுப்பு மாட்டிக்கொண்டு அதன் ஏணிக்குக் கீழே நடந்தேன். பின்னால் முதல் தெருவும் இரண்டாம் தெருவும் சாமான்களோடு வண்டிகளில். மூணாந்தெருவில் உடுப்பு இருந்த முப்பது பேரும் பாதையோரம் நின்றார்கள். எல்லார் காதிலும் ஒரே அலைவரிசை, அதில் தலைவரின் குரல். பேசிக்கொண்டே இருந்தார். இந்தப் பள்ளத்தில் முதல் கட்டியை வெட்டிய நாள், தண்ணீர் வந்த நாள், இறந்தவர்கள் ஒவ்வொருவரின் பெயர். ஒரு பெயரும் தப்பவில்லை. கேட்டவர்கள் அழுதார்கள். விட்டுவிட்டுப் போகிறவர்களும் அழுதார்கள், விடப்பட்டவர்களும் அழுதார்கள். அந்த மனிதரின் திறமை அது.

முகட்டுக்குப் போகும் சரிவில் குட்டி குறுக்கே நின்றது. உள்ளே பிரம்மசக்தி.

"பிள்ள, ஒதுங்கிக்கோ" என்றார் தலைவர்.

"ஒதுங்க மாட்டேன்."

"ஒன் அப்பன் மூச்சு நின்னப்ப ராத்திரி முழுக்க அவன் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தது யாரு?"

"நீங்கதான்." அவள் குரல் உடைந்துவிட்டது. "அதுக்காவ எங்க தெருவ ஒங்களுக்கு எழுதிக் குடுக்க முடியுமா?"

"முடியாதுன்னா சரி" என்றார், மகா அன்பாக. பெரியவனின் முன்கால் தரையைவிட்டு உயர்ந்தது. அதன் நிழல் குட்டியின் மேல் விழுந்தது. ஒரு காலின் அகலம் ஒரு வீட்டளவு.

நான் கத்தினேன். "தலைவரே, இறங்குங்க!"

"பெயர் பொருந்தவில்லை" என்றது பெரியவன். ஊரே கேட்டது. அதற்கு ஒரு குரல் உண்டு என்பதே இவர்களுக்கு இன்றுதான் தெரியும்.

"தலைவர், இறங்கு!"

"பெயர் பொருந்தவில்லை."

மெல்லிய சிரிப்பு காதில் கேட்டது. "ஒன்னால முடியாது தம்பி. தப்பா நெனைக்காத, நல்ல வளர்ப்பு. அம்மா ஒன்ன நல்லா வளத்திருக்கா. அதான ஒன்னய எடுத்தேன்."

வாய் திறந்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கருப்பட்டியின் ருசி வந்தது, ஏன் என்று தெரியவில்லை. கால் இறங்கத் தொடங்கியது. நிலாவில் எல்லாம் மெதுவாகத்தான் விழும்.

அப்போது பிரம்மசக்தி கூப்பிட்டாள். அவரை அல்ல.

"சேர்மராஜ், இறங்கு."

நான் எந்த இயந்திரத்திலும் இல்லை. தரையில்தான் நின்றிருந்தேன். அவளுக்குப் பதற்றம் போலிருக்கிறது.

"சேர்மராஜ், இறங்கு."

"நான் கீழதான் இருக்கேன்!"

"சேர்மராஜ்! இறங்கு!"

அதற்குப் பிறகு எனக்குக் கேட்டது என் குரல்.

"சொள்ளமுத்து, இறங்கு."

"ஒரு முறை" என்றது பெரியவன். கால் அந்தரத்தில் நின்றது.

ரேடியோவில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். யாரோ, "ஐயோ, பேரச் சொல்லிட்டான்" என்றார்கள். கால் நிற்பதை அவர்கள் கவனிக்கவே இல்லை, பெயர்தான் காதில் விழுந்திருக்கிறது.

"தம்பி." இப்போது குரல் மிகவும் மெல்லியது, என் காதுக்கு மட்டும் வந்தது போல. "நீ யோசிச்சுப் பாரு. இது அப்படியே ஒனக்குத்தான் வரும். நான் இன்னும் எத்தன வருஷம்? புது ஊரு ஒன் பேருல இருக்கட்டும். அம்மாவக் கூட்டிட்டு வந்துருவோம். இங்க முட்டி வலிக்காதுடா, எடையே இல்ல."

அதைக்கூட யோசித்து வைத்திருக்கிறார். சரியான யோசனைதான். நிலாவில் அம்மாவுக்கு முட்டி வலிக்காது.

"சொள்ளமுத்து, இறங்கு!"

"இரண்டு முறை."

"ஏலே!" என்றார். பதினோரு வருடத்தில் யாரும் கேட்டிராத சத்தம். காதைக் கிழித்தது. "நான் தண்ணி குடுத்தவம்ல! நான் இல்லன்னா நீங்க எல்லாம் பொணம்!"

அப்போது பாதையோரத்திலிருந்து ஒரு நடுங்கும் குரல். ஞானதுரை. அவர் குரல் பதிவானதில்லை, இயந்திரம் அதைக் கணக்கில் எடுக்காது, அவருக்கும் அது தெரியாது.

"சொள்ளமுத்து அண்ணாச்சி... எறங்கிருங்க."

அண்ணாச்சியைச் சேர்க்காமல் அவருக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார். அடுத்து ஒரு பெண், அடுத்து இரண்டு பேர், பிறகு முதல் தெருவின் வண்டிகளிலிருந்தும். சொள்ளமுத்து அண்ணே, சொள்ளமுத்து மச்சான், எலே சொள்ளமுத்து. ஒரு வயதான குரல், "சொள்ளே" என்றது. சின்ன வயதில் கூட விளையாடியவராக இருக்க வேண்டும். ரேடியோ நிரம்பி வழிந்தது. என் குரல் அதில் கேட்குமோ என்று சந்தேகம் வந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"சொள்ளமுத்து! இறங்கு!"

"மூன்று முறை. ஓட்டுநர் மாற்றம் ஏற்கப்பட்டது."

பெரியவன் காலைப் பின்னுக்கு எடுத்து, குட்டியைத் தொடாமல், வெறும் தரையில் வைத்தது. நான்கு கைகளும் தொங்கின. உச்சியில் கதவு திறந்தது.

எல்லாம் அடங்கியபோது காதில் ஒரு குரல் வந்தது. தலைவர் குரல் இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்தவனின் குரல். வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் வாசலில் இருப்பவன் சொல்வானே, அது மாதிரி.

"இந்தா வாரேன்" என்றார்.

வந்தார். உடுப்பு மாட்டிக்கொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக. கீழே வந்ததும் முழங்கால் மடங்கியது. நான் பிடித்தேன், ஞானதுரையும் ஓடிவந்து பிடித்தார். தலைக்கவசத்துக்குள் அவர் முகம் சின்னதாக இருந்தது. "மணி என்ன?" என்று கேட்டார்.

மூணாந்தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். முப்பது உடுப்புக்குள் எத்தனை பெண்கள் என்று தெரியாது. வீடுகளில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்திருக்க வேண்டும். காதுக்கருவி தாங்காமல் கீச்சிட்டது. நான் எதையும் அணைக்கவில்லை.

மார்ச் 9

நேற்றே நான் பெரியவனில் ஏறித் திருப்பிக் கொண்டுவந்தேன்; வண்டிகளும் பின்னாலேயே திரும்பின. பழைய இடத்தில் நிறுத்தி, முதல் கட்டியை வெட்டி மூணாந்தெருவின் பனி உருக்கும் தொட்டியில் போட்டேன். குழாயையும் பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. வால்வு பாதி மூடியிருந்தது. திறந்தேன். பத்தொன்பதாம் தேதியே போய்ப் பார்த்திருக்கலாம்.

உள்ளே உட்கார்ந்ததும் முதலில் செய்த வேலை பிரம்மசக்தியின் குரலைப் பதிந்தது. இன்று இன்னும் ஐந்து பேர் பதிந்திருக்கிறார்கள். ஞானதுரை தானும் பழக வேண்டும் என்கிறார். கைநடுக்கம் இருக்கிறது என்றேன். "பேரச் சொன்னதுலேர்ந்து நிக்கல, நாளைக்குச் சரியாயிரும்" என்றார்.

சொள்ளமுத்துவை என்ன செய்வது என்று கூடத்தில் ஒரே சண்டை. அடைத்து வைக்க வேண்டும் என்றவர்கள் பாதி, காலில் விழலாமா என்று பார்த்தவர்கள் பாதி. கடைசியில் குட்டியில் ஷிப்ட் கொடுப்பதென்று முடிவானது. எல்லாரையும் போல நாலு மணி நேரம், எல்லாரையும் போல பெயர் சொல்லி இறக்குவது. சம்மதமா என்று அவரிடம் கேட்டேன்.

"யாரு கூப்புடுவா?"

"யாருக்கு முறையோ அவங்க."

கழுத்துத் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "சத்தமா கூப்புடச் சொல்லு" என்றார்.

இன்று பெரியவனில் என் முதல் முழு ஷிப்ட். பத்து மாடி உயரத்திலிருந்து பார்த்தால் மூன்று தெரு விளக்கும் ஒரே கோடாகத் தெரிகிறது. நானூறு பேரின் தண்ணீர் என் கையில். கையை நீட்டினால் முகடு எட்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரம் முடிந்ததும் பிரம்மசக்தி வழக்கப்படி மூன்று முறை கூப்பிட்டாள், நான் இறங்கிவிட்டேன்.

அவள் ஒன்பது முறை என்கிறாள். முதல் இரண்டு சுற்றிலும் மூன்றாவதாக என்னைத் திட்டியதால் இயந்திரம் ஏற்கவில்லையாம். அது அவள் தவறு.

டீ சூடாக இருந்தது. பாடிக்கொண்டே ஏறினாள். சுருதி இன்னும் சேரவில்லை. நாலு மணி நேரம் கழித்து நான்தான் அவளைக் கூப்பிட வேண்டும். இப்போதே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தொண்டை வறட்சி எதுவும் இல்லை.